லைப்ரரி இருக்கிறது, ஹெடர் எங்கே?

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் நீர்ப்பரப்பு மாரிக்குப் பிறகு எவ்வளவு விரிகிறது, சிறுபோகம் முடியும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பதைச் செய்மதிப் படங்களைக் கொண்டே கணக்கிடலாம். செண்டினல்-2 படங்கள் இலவசம். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். பைதனில் சில பத்து வரிகள் எழுதினால் போதும் என்று நம்பி ஒருவர் தொடங்குகிறார். இத்தகைய படங்களை வாசிக்கும் ஜிடால் என்ற லைப்ரரி வேண்டும் என்று தெரிந்ததும், பைதன் பொதிகளை இறக்கி நிறுவும் பிப் மூலம் நிறுவப் பார்க்கிறார். திரை நிறையச் சிவப்பு எழுத்துகள் ஓடுகின்றன. அவற்றின் நடுவே ஒரு வரி: ‘சிபிஎல்_போர்ட்.எச்: அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை.’

கணினியில் ஜிடால் ஏற்கெனவே இருக்கிறது. கியூஜிஐஎஸ் மென்பொருள் அதே ஜிடாலை வைத்துத்தான் நேற்றும் வரைபடம் காட்டியது. இருக்கும் ஒன்றை இல்லை என்று கணினி ஏன் சொல்கிறது?

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பொறியியலோ விஞ்ஞானமோ படிக்கும் மாணவர் எவரும் ஏதோ ஒரு வடிவில் இந்த வழுவைச் சந்தித்தே தீருவார். பெரும்பாலானோர் உடனே செய்வது எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இறக்குவது. றீலோட் போட்ட டேட்டா தீர்ந்துபோகும், வழு அப்படியே இருக்கும். காரணம் விளங்கினால் பெரும்பாலும் ஒரே ஒரு பொதியோடு வேலை முடிந்துவிடும்.

கட்டளைகளும் கோப்புறைப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

ஹெடர் கோப்பு என்றால் என்ன

சி, சி++ மொழிகளில் எழுதி, இயந்திர மொழிக்கு மாற்றி வைத்த லைப்ரரியை நேட்டிவ் லைப்ரரி என்கிறோம். லினக்ஸில் அதன் பெயர் ‘.எஸ்ஓ’ என்று முடியும். மனிதர் வாசிக்கக்கூடிய எதுவும் அதற்குள் இல்லை.

ஹெடர் சாதாரண எழுத்துக் கோப்பு. பெயர் ‘.எச்’ என்று முடியும். லைப்ரரிக்குள் என்னென்ன சார்புகள் (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய செயல்கள்) இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை உள்ளீடு கொடுக்க வேண்டும், அவை எந்த வகை, திருப்பித் தருவது என்ன என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வேலையைச் செய்யும் குறிமுறை பெரும்பாலும் அதில் இராது.

வன்னியில் இதை விளக்குவது சுலபம். குளத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் சிறுபோகக் கூட்டத்தில் இந்த வாய்க்காலின் கீழ் இத்தனை ஏக்கர், இந்தத் திகதியில் முதல் தண்ணீர் என்று முடிவெடுத்து எழுதிய பிறகுதான் கமக்காரர் உழவைத் திட்டமிடுவார். தண்ணீர்தான் லைப்ரரி. கூட்டத்தில் எழுதிய தீர்மானம் ஹெடர். புதிதாக விதைக்கப் போகிறவருக்குத் தீர்மானம் வேண்டும். விதைத்து முடிந்த வயலுக்குத் தண்ணீர் மட்டும் போதும். கியூஜிஐஎஸ் விதைத்து முடிந்த வயல். பிப் புதிதாக விதைக்கப் பார்க்கிறது.

மூன்று கட்டம், மூன்று வழு

ஒரு செய்நிரல் உருவாகி ஓடுவதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேறொரு கோப்பைத் தேடுகிறது. வழுச்செய்தி எந்தக் கட்டத்துக்குரியது என்று பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. கொம்பைல் செய்யும் கட்டம், அதாவது எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றுவது. தேடுவது ஹெடரை. கிடைக்காவிட்டால் ‘ஃபேட்டல் எரர்’ என்று தொடங்கி, ‘.எச்’ என்று முடியும் ஒரு பெயரைச் சொல்லும்.

2. லிங்க் செய்யும் கட்டம், அதாவது மாற்றியதை லைப்ரரியோடு இணைப்பது. தேடுவது பதிப்பு எண் இல்லாத ‘லிப்ஜிடால்.எஸ்ஓ’ என்ற பெயரை. கிடைக்காவிட்டால் ‘எல்ஜிடாலைக் காணவில்லை’ என்ற பொருளில் லிங்கர் முறையிடும்.

3. ஓடும் கட்டம். தேடுவது எண்ணோடு கூடிய கோப்பை, உபுண்டு 22.04 லினக்ஸ் என்றால் ‘லிப்ஜிடால்.எஸ்ஓ.30’. கிடைக்காவிட்டால் ‘ஷெயார்ட் ஒப்ஜெக்ட் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று வரும்.

மூன்றாவது வழுவுக்கு ஹெடர் பொதியை நிறுவுவதும் முதலாவது வழுவுக்கு லைப்ரரியை மறுபடி நிறுவுவதும் வீண் வேலை. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பல இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியே எழுதப்பட்டிருக்கின்றன.

ஏன் பிரித்து வைத்திருக்கிறார்கள்

டெபியன் லினக்ஸும் அதன் வழிவந்த உபுண்டுவும் ஒரே லைப்ரரியை இரண்டு பொதிகளாக வெட்டுகின்றன. உபுண்டு 22.04இல் ‘லிப்ஜிடால்30’ என்பது ஓடுவதற்கான பொதி. ‘லிப்ஜிடால்-டெவ்’ என்பது உருவாக்குவதற்கான பொதி. ஹெடர்கள், எண் இல்லாத இணைப்புப் பெயர், ‘ஜிடால்-கொன்ஃபிக்’ என்ற சிறு கட்டளை ஆகிய மூன்றும் இரண்டாவதில்தான் வருகின்றன. கியூஜிஐஎஸ்ஸை நிறுவியபோது முதலாவது மட்டும் வந்தது.

மென்பொருளைப் பாவிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதையும் கொம்பைல் செய்வதில்லை. அவர்களுடைய வட்டில் ஹெடர்கள் ஏன் இடம்பிடிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று இதைவிட முக்கியமானது. ஓடும் பொதியின் பெயரிலேயே எண் இருப்பதால் பழைய லைப்ரரியும் புதிய லைப்ரரியும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஹெடர்களுக்கு அப்படி முடியாது, எல்லாம் ஒரே கோப்புறைக்குத்தான் போகும். ஆகவே டெவ் பொதி ஒன்றுதான் இருக்க முடியும்.

ஃபெடோராவில் ‘டெவ்’ என்பதற்குப் பதிலாக ‘டெவெல்’ என்று முடியும். ஆர்ச் லினக்ஸ் பிரிப்பதில்லை, இரண்டும் ஒரே பொதியில் வரும்.

கொம்பைலர் எங்கெங்கே பார்க்கும்

ஜிசிசி கொம்பைலர் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில், கட்டளையில் ‘பெரிய ஐ’ விருப்போடு (ஒரு சிறு கோடும் பெரிய ஐ எழுத்தும்) நாம் சொன்ன கோப்புறைகள். அடுத்து ‘சிபாத்’ போன்ற சூழல் மாறிகளில் உள்ளவை. பிறகு ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’, ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ போன்ற நிலையான இடங்கள். முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. டெவ் பொதியை நிறுவிய பிறகும் ‘இல்லை’ என்றே வரலாம். எக்ஸ்எம்எல் வாசிக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 நல்ல உதாரணம். செய்நிரல் கேட்பது ‘லிப்எக்ஸ்எம்எல்/பார்சர்.எச்’. கோப்பு உண்மையில் இருப்பது ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/லிப்எக்ஸ்எம்எல்2/லிப்எக்ஸ்எம்எல்/பார்சர்.எச்’ என்ற இடத்தில். நடுவில் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. அந்தப் படியைக் கொம்பைலர் தானாக இறங்காது. ‘பெரிய ஐ’ விருப்பு மூலம் நாம் சொல்ல வேண்டும். ஜிடாலின் ஹெடர்களும் ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஜிடால்’ என்ற உட்கோப்புறைக்குள்தான் கிடக்கின்றன. எழுத்துருக்களை வரையும் ஃப்ரீடைப்புக்கும், தமிழ் எழுத்தின் கொம்பையும் காலையும் சரியான இடத்தில் பொருத்தித் தரும் ஹார்ஃபஸுக்கும் இதே கதை.

ஒவ்வொரு பொதிச் சூழலும் ஒவ்வொரு விதம்

*பிப்பும் வென்வும்.* அதிகக் குழப்பம் இங்கேதான். பிப் இறக்கும் பொதிகள் இரண்டு வகை. ஏற்கெனவே கொம்பைல் செய்து தேவையான லைப்ரரிகளையும் உள்ளே அடக்கி வருவது வீல். மூலக் குறிமுறையாக வருவது எஸ்டிஸ்ட். வீல் வந்தால் ஹெடர் தேவையே இல்லை. எஸ்டிஸ்ட் வந்தால் நம் கணினியில் கொம்பைல் நடக்கும், அப்போது எல்லா ஹெடரும் வேண்டும். ஜிடாலின் பைதன் பொதி பிப்புக்கு எஸ்டிஸ்டாக வருவதுதான் வழக்கம். அதே படங்களை வாசிக்கும் ராஸ்டேரியோ என்ற பைதன் பொதி வீலாக வருகிறது.

வீலுக்குள் லைப்ரரி இருக்கிறதே, அதைக் காட்டி வேறொன்றைக் கொம்பைல் செய்யலாமா என்று கேட்கலாம். ராஸ்டேரியோ வீல் நிறுவப்பட்ட இடத்தில் ‘ராஸ்டேரியோ.லிப்ஸ்’ என்றொரு கோப்புறை இருக்கும். உள்ளே லிப்ஜிடால் இருக்கும், பெயரின் நடுவே புரியாத எழுத்துக் குவியல் ஒன்றோடு. அந்தக் குவியல் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது, வெளி லைப்ரரியோடு முட்டாமல் இருப்பதற்காக. ஹெடர் ஒன்றுகூட அங்கே இல்லை. அதை வைத்து எதையும் கொம்பைல் செய்ய முடியாது, முயலவும் கூடாது.

ஒரு வேலைக்கென்று பைதன் பொதிகளைத் தனியே வைக்கும் வென்வ் உருவாக்கும் சூழலைத் திறந்து பார்த்தால் ‘இன்க்ளூட்’ என்ற கோப்புறை தெரியும். உள்ளே போனால் வெறுமை. பைதனின் சொந்த ஹெடரான ‘பைதன்.எச்’ அங்கே வராது. அது மூலப் பைதனோடு, உபுண்டு 22.04இல் ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/பைதன்3.10’ கோப்புறையில் இருக்கும், அதுவும் ‘பைதன்3-டெவ்’ பொதியை நிறுவியிருந்தால் மட்டும். 3.12 பைதனை வேறு வழியில் கொண்டுவந்து பாவிப்பவருக்கு 3.12க்குரிய டெவ் பொதி தனியே வேண்டும்.

எண் கணக்குகளுக்கான ‘நம்பை’ என்ற பைதன் பொதி விதிவிலக்கு. தன் ஹெடர்களைத் தானே சுமந்து வருகிறது; ‘கெட்_இன்க்ளூட்’ என்ற சார்பை அழைத்தால் இடத்தைச் சொல்லும். 2024இல் வந்த 2.0 பதிப்பில் அந்த இடம் மாறியது. பாதையைக் கையால் எழுதி வைத்தவர்களின் செய்நிரல்கள் அன்றைக்கு உடைந்தன, சார்பைக் கேட்டுப் பெற்றவர்களுடையவை தப்பின.

*கொண்டா.* பைதனோடு நேட்டிவ் லைப்ரரிகளையும் சேர்த்து நிறுவும் இந்தப் பொதி நிறுவி, தனக்கென்று ஒரு முழு உலகத்தைக் கட்டிக்கொள்ளும். ஹெடர்கள் சூழலின் கோப்புறைக்குள் ‘இன்க்ளூட்’ என்ற இடத்தில் இருக்கும். சூழலின் முகவரியைக் ‘கொண்டா_ப்ரிஃபிக்ஸ்’ என்ற மாறி சொல்லும். சூழலை இயக்கிவிட்டாலே கொம்பைலர் அங்கே பார்க்கும் என்று எண்ணுவதுதான் தவறு. கணினியின் சொந்த ஜிசிசிக்குக் கொண்டாவைப் பற்றி எதுவும் தெரியாது. கொண்டா-ஃபோர்ஜ் என்ற பொதிக் களஞ்சியத்திலிருந்து ‘கொம்பைலர்ஸ்’ என்ற பொதியையும் அதே சூழலில் நிறுவினால், சூழல் இயங்கும்போது தேவையான பாதைகள் தாமாகவே பொருந்தும்.

*நிக்ஸ்.* இதுவும் ஒரு பொதி நிறுவி. ஒவ்வொரு பொதியும் ‘/நிக்ஸ்/ஸ்டோர்’ கீழே நீண்ட குறியெழுத்தோடு தனிக் கோப்புறையில் இருக்கும். ஹெடர்கள் பல வேளைகளில் ‘டெவ்’ என்று முடியும் வேறொரு கோப்புறையில். சாதாரணமாக நிறுவினால் அவை கண்ணில் படா. நிக்ஸ் ஷெல்லுக்குள் நுழைந்து வேலை செய்தால், அதன் கொம்பைலர் உறை பாதைகளைச் சேர்த்துக்கொடுக்கும்.

*மெக்.* 2018இல் வந்த மொஹாவே பதிப்போடு ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ போய்விட்டது. கணினியின் ஹெடர்கள் எஸ்டிகே எனப்படும் மென்பொருள் உருவாக்கக் கருவிகளின் கோப்புறைக்குள் உள்ளன. ஹோம்ப்ரூ என்ற பொதி நிறுவியின் பொதிகள் இன்டெல் கணினியில் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ கீழும், ஆப்பிள் சிலிக்கனில் ‘/ஒப்ட்/ஹோம்ப்ரூ’ கீழும் வரும்.

*டொக்கர்.* டொக்கர் செய்நிரலைக் கொள்கலன் என்ற தனிச் சூழலில் ஓட்டும்; அதற்கான அச்சு பிம்பம். ‘ஸ்லிம்’ என்று முடியும் பைதன் பிம்பங்களில் கொம்பைலரும் இல்லை, டெவ் பொதிகளும் இல்லை. மடிக்கணினியில் சரியாக ஓடியது கொள்கலனுக்குள் உடைவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஊகிக்காமல் கேட்பது எப்படி

1. வழுச்செய்தியை மேலிருந்து வாசியுங்கள். பிப்பின் கடைசி வரிகள் ‘வீலைக் கட்ட முடியவில்லை’ என்ற பொதுப் புலம்பல்தான். உண்மைச் செய்தி ‘ஃபேட்டல் எரர்’ என்று முதலில் வரும் வரியில் இருக்கும். ஜிடாலில் சில வேளை ஹெடரின் பெயர்கூட வராது. ‘ஜிடால்-கொன்ஃபிக்’ காணவில்லை என்றுதான் சொல்லும். அதுவும் டெவ் பொதி இல்லை என்பதற்கான அடையாளமே.

2. நிறுவிய பொதிகளில் அந்தக் கோப்பு உண்டா என்று ‘டிபிகேஜி பெரிய எஸ்’ கட்டளையிடம் கேளுங்கள். பொதியின் பெயரும் முழுப் பாதையும் வரும்.

3. இல்லையென்றால், நிறுவாத பொதிகளில் எதில் இருக்கிறது என்று ‘ஆப்ட்-ஃபைல்’ சொல்லும். ஆனால் அது முதலில் ஒரு பெரிய பட்டியலை இறக்கும். டேட்டா குறைவென்றால் டெபியன், உபுண்டு பொதித் தளங்களில் கோப்பின் பெயரைக் கொடுத்துத் தேடுவதே மலிவு. ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்’ என்ற கட்டளை உண்டு.

4. கோப்பு இருக்கிறது, கொம்பைலர்தான் காணவில்லை என்றால் லைப்ரரியிடமே பாதையைக் கேளுங்கள். ‘பிகேஜி-கொன்ஃபிக்’ கட்டளைக்கு லைப்ரரியின் பெயரையும் ‘சிஃபிளாக்ஸ்’ விருப்பையும் கொடுத்தால், கொம்பைலருக்கு எழுத வேண்டியதை அப்படியே அச்சிட்டுத் தரும். ஜிடாலுக்கு ‘ஜிடால்-கொன்ஃபிக்’ அதே வேலையைச் செய்யும்.

5. இன்னும் சந்தேகம் இருந்தால் கொம்பைலரிடம் கேளுங்கள். ஜிசிசிக்குப் ‘பெரிய எச்’ விருப்பைக் கொடுத்தால், அது திறந்த ஒவ்வொரு ஹெடரின் பாதையையும் வரிசையாகக் காட்டும். வேறொரு சூழலின் ஹெடர் நுழைந்திருந்தால் இங்கே பிடிபடும்.

வட்டு முழுவதும் ‘ஃபைன்ட்’ போட்டுத் தேடுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது கோப்பைக் கண்டுபிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கொண்டாவில் ஒன்று, கணினியில் ஒன்று, ‘லோக்கல்’ கோப்புறையில் பழையது ஒன்று என மூன்று அகப்பட்டால் எதை எடுப்பது என்று அது சொல்லாது. அகப்பட்ட பாதையைச் ‘சிபாத்’ மாறியில் நிரந்தரமாக எழுதி வைப்பது இன்னும் மோசம். அதன் பின் அந்தக் கணினியில் நடக்கும் ஒவ்வொரு கொம்பைலும் நிலையான இடங்களுக்கு முன்பே அந்தக் கோப்புறையைப் பார்க்கும்.

ஹெடர் ஒன்று, லைப்ரரி வேறொன்று

ஹெடர் கிடைத்துவிட்டால் போதாது, அது ஓடும் லைப்ரரியோடு பொருந்த வேண்டும். போன வருடத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருடக் குளத்தை நம்பி விதைத்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். விதைக்கும் நாளில் எந்தக் குறையும் தெரியாது. கதிர் வரும் நேரத்தில்தான் வாய்க்கால் வற்றும். இங்கும் அப்படித்தான்: கொம்பைல் சுத்தமாக முடியும், ஓடும்போது நடுவில் விழும், அல்லது தவறான எண்ணைச் சத்தமில்லாமல் தரும்.

உபுண்டு 22.04 தரும் ஜிடால் 3.4.1, 24.04 தருவது 3.8.4, டெபியன் 12 தருவது 3.6.2. பதிப்பெண் சொல்லாமல் பிப்பிடம் கேட்டால் அது ஆகப் புதிய ஜிடாலைக் கொண்டுவரும். அதன் பைதன் பகுதி, பழைய ஹெடர்களில் இல்லாத பெயர்களைத் தேடி உடையும். தீர்வு எளிது: ‘ஜிடால்-கொன்ஃபிக்’ கட்டளையிடம் ‘வேர்ஷன்’ கேட்டு, அது சொல்லும் எண்ணையே பிப்பிடம் கொடுக்க வேண்டும்.

படங்களை வாசித்துக் கணக்கிடுவது மட்டும்தான் வேலை என்றால் என் பரிந்துரை ராஸ்டேரியோ வீல். ஒரு ஹெடரும் தேவைப்படாது. ஆனால் ராஸ்டேரியோ வீலையும், கணினியின் ஜிடாலோடு கட்டிய பைதன் பொதியையும் ஒரே செய்நிரலில் சேர்த்து அழைக்க வேண்டாம். ஒரே நினைவகத்தில் இரண்டு ஜிடால்கள் நுழையும்.

டேட்டாவைச் சேமித்து நிறுவுவது

‘லிப்ஜிடால்-டெவ்’ தனியாக வராது. எச்டிஎஃப்5, நெட்சிடிஎஃப் போன்றவற்றின் டெவ் பொதிகளையும் இழுத்துக்கொண்டு வரும். எவ்வளவு இறங்கும் என்று உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் முதலிலேயே சொல்லும். ‘ஆம்’ என்று தட்டுமுன் அந்த வரியைப் பாருங்கள். ஒரு ஆய்வுகூடத்தில் பத்துக் கணினிகள் இருந்தால் ஒன்றில் மட்டும் ‘டவுன்லோட்-ஒன்லி’ விருப்போடு இறக்கலாம். கோப்புகள் ‘/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்’ கோப்புறையில் சேரும். அங்கிருந்து பென்டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளில் நிறுவலாம். உபுண்டுவின் பதிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இறக்கும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொதிகளை ஆப்ட் மறுபடி இறக்காது. ஆகவே புதிதாக நிறுவிய, வேறெதுவும் ஏற்றாத கணினியைத் தெரிவதே நல்லது.

வழு காட்டாத குறை

ஹெடர் இல்லாவிட்டால் எப்போதும் சத்தம் வரும் என்று நினைக்கக் கூடாது. பெரிய மென்பொருள்கள் பல, துணை லைப்ரரிகளின் ஹெடர் இருந்தால் அந்த வசதியைச் சேர்க்கும், இல்லாவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். பைதனை மூலத்திலிருந்து கட்டும்போது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கு வேண்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர் இல்லையென்றால் பைதன் வெற்றிகரமாகக் கட்டப்படும். பிறகு பிப் எந்தப் பொதியையும் இறக்க முடியாமல் நிற்கும். எஸ்கியூலைட் ஹெடர் இல்லாவிட்டால் அந்தத் தரவுத்தளப் பகுதி வராது. கட்டி முடியும் தறுவாயில் விடுபட்டவற்றின் பட்டியல் ஒன்று திரையில் ஓடும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதை வாசிப்பவர் குறைவு.

ஜிடாலில் இது நேரடியாக இரணைமடு வேலையைத் தாக்குகிறது. செண்டினல்-2 படங்கள் ஜேபெக்2000 வடிவில் வருகின்றன. அவற்றைத் திறக்க ஜிடாலுக்கு ஓப்பன்ஜேபெக் போன்ற ஒரு துணை லைப்ரரி வேண்டும். ஜிடாலை மூலத்திலிருந்து கட்டும்போது அதன் ஹெடர் அகப்படாவிட்டால், ஜிடால் குறையில்லாமல் நிறுவப்படும். பல நூறு எம்பி படத்தை இரவு டேட்டாவில் இறக்கி வைத்த பிறகு, ‘இந்த வடிவம் தெரியாது’ என்று சொல்லும். கொண்டா-ஃபோர்ஜின் அண்மைய பதிப்புகளிலும் இந்த வசதி ‘லிப்ஜிடால்-ஜேபி2ஓப்பன்ஜேபெக்’ என்ற தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே படத்தை இறக்குமுன் ‘ஜிடால்இன்ஃபோ’ கட்டளையை ‘ஃபோர்மாட்ஸ்’ விருப்போடு ஓட்டுங்கள். நீண்ட பட்டியலில் ‘ஜேபி2ஓப்பன்ஜேபெக்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இருந்தால் படத்தை இறக்கலாம்.